உப்பிய கெபாசிட்டர்தான் பாடம்: டெல் ஆப்டிபிளெக்ஸ் மதர்போர்டுகளை வைத்து ஒரு நிகழ்வு ஆய்வு

கணினிப் பழுதும் எலக்ட்ரானிக்ஸும் சொல்லித் தருபவருக்கு இலவசப் பாடங்களுக்குப் பஞ்சம் கிடையாது. டேட்டாஷீட், சர்வீஸ் மேனுவல், சிமுலேட்டர், வீடியோ எல்லாம் காசில்லாமல் கிடைக்கின்றன. கிடைக்காதது ஒன்றுதான்: காரணம் தெரிந்த பழுது, அதுவும் ஒரே பழுது பத்துப் பதினைந்து போர்டில். ஆளுக்கு ஒரு போர்டு கொடுத்து, எல்லோரும் ஒரே இடத்தில் தேடி, ஒருவர் அளவை இன்னொருவர் அளவோடு ஒப்பிட்டுப் பார்த்தால்தான் பழுது பார்ப்பது கைவரும். அந்த வாய்ப்பைத் தரும் போர்டுகள் 2003க்கும் 2005க்கும் இடையில் வந்த டெல் ஆப்டிபிளெக்ஸ் ஜிஎக்ஸ்270, ஜிஎக்ஸ்280 கணினிகளில் இருந்தன. அவற்றில் கெபாசிட்டர்கள் (மின்சாரத்தைத் தேக்கி வைத்துத் தேவைப்படும்போது கொடுக்கும் சிறு உருளைகள்) உப்பிக் கெட்டன. பழைய இரும்புக் கடையிலும் கல்லூரிப் பண்டக அறையிலும் இன்னமும் அவை கண்ணில் படுகின்றன. கிடைக்காவிட்டால் அதே காலத்து வேறு பென்டியம் 4 போர்டும் போதும். கீழே உள்ளதில் முக்கால்வாசி அப்படியே பொருந்தும்.

நடந்தது என்ன

அமெரிக்க வழக்கு ஒன்றின் ஆவணங்கள் 2010ல் வெளியே வந்தபோது அளவு தெரிந்தது. 2003 மே முதல் 2005 ஜூலை வரை டெல் விற்ற கணினிகளில் குறைந்தது 1 கோடியே 18 லட்சம் இந்தப் பழுதுக்கு ஆளாகக்கூடியவை. 3 ஆண்டில் 97 சதவீதம் வரை பழுதாகலாம் என்று டெல்லுக்காகச் செய்யப்பட்ட ஆய்வே மதிப்பிட்டிருந்தது. பழுது நீக்கும் செலவுக்காக 2005ல் டெல் 30 கோடி டாலர் ஒதுக்கியது.

அந்த ஆவணங்களில் வகுப்புக்கு மிகவும் உதவும் செய்தி, ஆஸ்டினில் உள்ள டெக்ஸாஸ் பல்கலைக்கழகக் கணிதத் துறைக்குக் கிடைத்த பதில். கணினிகள் வரிசையாகப் படுத்ததும் துறையினர் கேட்டார்கள். கடினமான கணக்குகளைப் போட வைத்து மெஷினை வதைத்துவிட்டீர்கள் என்று டெல் தரப்பில் சொன்னார்கள். கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் அந்தப் பதிலில் பாதி உண்மை ஒளிந்திருக்கிறது. கணக்கு போடும்போதுதான் கணினி விழுந்தது. விழுந்ததற்குக் காரணம் கணக்கு அல்ல. எந்த நேரத்தில் பழுது வெளிப்படுகிறது என்பது வேறு, பழுது எதனால் வந்தது என்பது வேறு. பழுது பார்க்கப் படிப்பவர் இதை முதல் வாரத்திலேயே பிரித்துப் பார்க்கப் பழக வேண்டும்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். 2002, 2003 வாக்கில் தைவான் கெபாசிட்டர்கள் உலகெங்கும் வெடித்த கதையைப் பலர் கேட்டிருப்பார்கள். ஜப்பானிய எலக்ட்ரோலைட் (கெபாசிட்டருக்குள் இருக்கும் மின்கடத்தும் திரவம்) சூத்திரத்தை யாரோ அரைகுறையாகத் திருடிக்கொண்டு போனார்கள் என்றும் அப்போது செய்தி வந்தது. இந்த டெல் போர்டுகளில் இருந்தவையோ ஜப்பானிய நிறுவனமான நிச்சிகானின் கெபாசிட்டர்கள். ஆகவே 'ஜப்பான் மால் என்றால் கண்ணை மூடிக்கொண்டு போடலாம்' என்ற கடைத்தெரு விதி இந்த ஒரு போர்டிலேயே உடைந்துபோகிறது. பிராண்டைப் பார்க்காதே, வரிசை எண்ணையும் (எந்த ரகம் என்று காட்டும் சீரிஸ் குறி) தேதிக் குறியையும் பார் என்பதை இதைவிட எளிதாகக் காட்ட முடியாது.

உள்ளே நடப்பது

அலுமினிய எலக்ட்ரோலைட்டிக் என்ற இந்த வகை கெபாசிட்டரில் அலுமினியத் தகட்டின் மேல் உள்ள மெல்லிய ஆக்சைடு படலம்தான் மின்காப்பு. உள் மின்தடையைக் குறைக்க எலக்ட்ரோலைட்டில் நீரின் பங்கைக் கூட்டுகிறார்கள். நீர் அலுமினியத்தைத் தின்னும். தின்னாமல் தடுக்க ஒரு ரசாயனச் சேர்ப்பு வேண்டும். அந்தச் சேர்ப்பு குறைந்தால் அலுமினியம் ஹைட்ராக்சைடாக மாறி ஹைட்ரஜன் வாயு வெளியேறும். வாயு சேரச் சேர அழுத்தம் கூடி, தலையில் கீறியிருக்கும் பிளவுக்கோடு உப்பி, கடைசியில் பிளக்கும். சில சமயம் மேலே ஒன்றும் தெரியாமல் அடியில் உள்ள ரப்பர் அடைப்பைத் தள்ளிக்கொண்டு கசியும். கெபாசிட்டர் லேசாகச் சாய்ந்து நின்றால் அடியைப் பார்க்க வேண்டும்.

சூடுதான் காரணம் என்று மாணவர் உடனே சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கச் சொல்லலாம். 105 டிகிரியில் 2,000 மணி நேரம் என்று குறித்த கெபாசிட்டர், 10 டிகிரி குறையும்போதெல்லாம் ஏறக்குறைய இரு மடங்கு உழைக்கும். 65 டிகிரியில் இருந்தால் நான்கு முறை இரட்டிப்பு, அதாவது 32,000 மணி நேரம். அலுவலகக் கணினி நாளுக்கு 10 மணி நேரம், வருடத்துக்கு 250 நாள் ஓடினால் 12 ஆண்டுக்கு மேல் வரும். இவை இரண்டு மூன்று ஆண்டில் போயின. சூடு சாவைச் சீக்கிரப்படுத்தியிருக்கலாம், அவ்வளவுதான். குறை தயாரிப்பிலேயே இருந்தது.

கணக்கு போட்டால் ஏன் விழுகிறது

இதுதான் பாடத்தின் நடுப்பகுதி. இரண்டு வகுப்பு நேரம் ஒதுக்கினாலும் தகும்.

எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து (கணினியின் மின்சப்ளைப் பெட்டி) நாலு பின் இணைப்பில் வரும் 12 வோல்ட்டை, பிராசஸரை ஒட்டியுள்ள மாஸ்ஃபெட்டுகளும் (சுவிட்ச்சாக வேலை செய்யும் டிரான்சிஸ்டர்கள்) காயில்களும் சேர்ந்து சுமார் 1.4 வோல்ட்டாக இறக்குகின்றன. வோல்ட் சிறியது, ஆனால் கரண்ட் பெரியது. பென்டியம் 4 பிராசஸர் முழு வேலையில் 60 ஆம்பியருக்கு மேல்கூட இழுக்கும். சும்மா இருக்கும் பிராசஸர் திடீரென்று வேலையில் இறங்கும்போது, காயில் வழியே கரண்ட் ஏறுவதற்குள் இடைவெளியை நிரப்ப வேண்டியது வெளியீட்டுக் கெபாசிட்டர்கள். அந்த நேரத்தில் எத்தனை மைக்ரோஃபாரட் என்பதைவிட உள் மின்தடை எவ்வளவு என்பதுதான் முக்கியம். அந்த உள் மின்தடைக்குத்தான் இ.எஸ்.ஆர். என்று பெயர்.

கரும்பலகையில் கரட்டுக் கணக்கு ஒன்று போடலாம். 12 மில்லி ஓம் கொண்ட ஆறு கெபாசிட்டர்கள் பக்க இணைப்பில் இருந்தால் மொத்தம் 2 மில்லி ஓம். கரண்ட் சட்டென்று 20 ஆம்பியர் ஏறினால் 40 மில்லிவோல்ட் சரியும். 1.4 வோல்ட்டில் பிராசஸர் அதைத் தாங்கும். கெபாசிட்டர் கெட்டு ஒவ்வொன்றும் 120 மில்லி ஓம் ஆனால் மொத்தம் 20 மில்லி ஓம்; சரிவு 400 மில்லிவோல்ட். பிராசஸருக்குக் கிடைப்பது 1 வோல்ட். அங்கேயே தொங்கிவிடும், அல்லது ரீஸ்டார்ட் ஆகும். பயாஸ் திரையில் மணிக்கணக்கில் சமர்த்தாக இருந்த போர்டு விண்டோஸ் ஏறும்போது விழுவதும், கணிதத் துறையில் விழுந்ததும் ஒரே காரணத்தால்தான். பக்கத்திலுள்ள செராமிக் கெபாசிட்டர்களும் கன்ட்ரோலர் ஐசியும் கொஞ்சம் கைகொடுக்கும் என்பதால் உண்மை அளவு இதிலிருந்து விலகும். புரிந்துகொள்ள இது போதும்.

இதையே என்ஜிஸ்பைஸ் என்ற சர்க்யூட் சிமுலேட்டரில் ஓட்டிக் காட்டலாம். ஐஐடி பம்பாயின் ஃபாஸி குழு தரும் ஈசிம் மென்பொருளிலும் உள்ளே ஓடுவது அதுதான், இரண்டும் இலவசம். கெபாசிட்டரோடு தொடராக ஒரு மின்தடை, பக்கத்தில் 10லிருந்து 30 ஆம்பியருக்குத் தாவும் கரண்ட் மூலம். மின்தடையை, ஆறும் சேர்ந்த மொத்தமான 2 மில்லி ஓமிலிருந்து 20க்கு மாற்றி இரண்டு முறை ஓட்டினால் கிராஃபே பேசும். ஒரு பொறி இருக்கிறது. ஸ்பைஸில் எம் என்ற பின்னொட்டு சிறிதோ பெரிதோ மில்லியைத்தான் குறிக்கும். மெகாவுக்கு 'மெக்' என்று எழுத வேண்டும். எஃப் என்றால் ஃபாரட் அல்ல, ஃபெம்டோ. 1 ஃபாரட் என்று நினைத்து எண்ணுக்குப் பின்னால் எஃப் போட்ட மாணவர், கிராஃப் ஏன் பைத்தியம் பிடித்து ஆடுகிறது என்று அரை மணி நேரம் தேடுவார். தேட விடுவது நல்லது.

அளப்பது

முதலில் கண். தலை தட்டையாக இருக்கிறதா என்று ஸ்டீல் ஸ்கேலைக் குறுக்கே வைத்துப் பார்க்கலாம்; லேசான உப்பல் விரலை விட ஸ்கேலில் நன்றாகத் தெரியும். அடியில் பழுப்புக் கறை இருந்தால் கசிவா, தொழிற்சாலையில் தடவிய பசையா என்று பிரிக்க வேண்டும். பசை மேலே ஒட்டிக்கொண்டு ரப்பர் மாதிரி உரிந்து வரும். கசிவு பொருக்காகி, கீழே உள்ள காப்பர் தடத்தைக் கருக்கியிருக்கும்.

அடுத்து மல்டிமீட்டர். இங்கேதான் வகுப்பில் பாதிப் பேர் வழுக்குவார்கள். பிராசஸர் சாக்கெட்டில் இருக்கும்போது கோர் வோல்ட் கோட்டுக்கும் (பிராசஸருக்கு அந்த 1.4 வோல்ட்டைக் கொண்டுபோகும் தடம்) கிரவுண்டுக்கும் நடுவே வைத்தால் பஸ்ஸர் கூவும். 'ஷார்ட் சார்' என்று எழுதிவிடுவார்கள். பிராசஸரே அங்கே சில ஓம்தான் காட்டும். அதைக் கழற்றிவிட்டு அளக்க வேண்டும். கெபாசிட்டன்ஸ் அளவையும் முழுதாக நம்ப முடியாது. உள்ளே மின்கசிவு உள்ள கெபாசிட்டர் பல மீட்டர்களில் குறித்த அளவைவிட அதிகமாகவே காட்டும். 3,300 மைக்ரோஃபாரட் எழுதியிருக்க 4,000க்கு மேல் காட்டினால் சந்தோஷப்பட வேண்டாம், சந்தேகப்பட வேண்டும்.

இ.எஸ்.ஆர். அளக்க விலை உயர்ந்த கருவி தேவையில்லை. ஜெர்மனியில் மார்க்கஸ் ஃப்ரேயெக் தொடங்கி கார்ல்-ஹைன்ஸ் க்யூபெலர் வளர்த்த டிரான்சிஸ்டர் டெஸ்டரின் சர்க்யூட்டும் ஃபர்ம்வேரும் நீண்ட விளக்கக் கையேடும் இலவசம். ஏடிமெகா328 சிப்பை வைத்து மாணவர்களே கட்டலாம். அதுவே தனியாக ஒரு புராஜெக்ட். கட்டிய நிலையிலும் மலிவாக விற்கிறார்கள். அதன் நுணுக்கம் 0.01 ஓம். அதாவது 12 மில்லி ஓம் கெபாசிட்டர் 0.01 அல்லது 0.02 என்று காட்டும். நல்லதில் இது கொஞ்சம் நல்லது, அது கொஞ்சம் மட்டம் என்று இதை வைத்துப் பிரிக்க முடியாது. கெட்டது 0.1க்கு மேல் போவதால் அதைப் பிடித்துவிடும். அளக்கும் முன் கெபாசிட்டரின் இரு காலையும் 100 ஓம் மின்தடையால் சில வினாடி இணைத்து டிஸ்சார்ஜ் செய்தாக வேண்டும். சார்ஜோடு வைத்தால் சிப் அந்த இடத்திலேயே போய்விடும். ஒரு பேட்சுக்கு ஒரு சிப்பாவது போகும், ஸ்பேர் வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

போர்டில் இருக்கும்போதே அளப்பதில் பெரிய ஏமாற்று உண்டு. ஆறும் பக்க இணைப்பில் இருப்பதால் நல்லது இரண்டு இருந்தாலே மீட்டர் எல்லாவற்றையும் நல்லது என்று சொல்லும். ஒவ்வொன்றாகக் கழற்றித்தான் அளக்க வேண்டும்.

ஆசிலோஸ்கோப் (வோல்ட்டின் ஏற்ற இறக்கத்தைத் திரையில் காட்டும் கருவி) இல்லாத கூடத்தில் சிலர் சவுண்டு கார்டை ஸ்கோப்பாக மாற்றும் இலவச மென்பொருளைப் போட்டுக் காட்டுகிறார்கள். ஆடியோ பாடத்துக்கு அது அருமை, இங்கே வேலைக்காகாது. இந்தச் சர்க்யூட் நூற்றுக்கணக்கான கிலோஹெர்ட்ஸில் சுவிட்ச் ஆகிறது, சவுண்டு கார்டின் பார்வை 20 கிலோஹெர்ட்ஸைச் சுற்றி முடிந்துவிடும். சாதாரண மல்டிமீட்டரின் ஏசி அளவும் அப்படித்தான், பூஜ்யத்தை ஒட்டிக் காட்டி ஆறுதல் சொல்லும். ஏழை ஆசிரியரின் ஸ்கோப், ரேமைச் சோதிக்கும் இலவச மென்பொருளான மெம்டெஸ்ட்86 பிளஸ் தான். நல்ல ரேமைப் போட்டு ஓட்டி, பிழை ஒவ்வொரு முறையும் ஒரே முகவரியில் வந்தால் ரேம் ஸ்லாட்டைப் பார்க்க வேண்டும். முகவரி மாறி மாறி வந்தாலோ, நடுவில் உறைந்து போனாலோ சப்ளை பக்கம் திரும்ப வேண்டும்.

லைவ் யு.எஸ்.பி. (இன்ஸ்டால் செய்யாமலே லினக்ஸை ஓட்டும் பென் டிரைவ்) தயாரிக்கும்போது ஒன்று கவனம். ஜிஎக்ஸ்270ல் உள்ள 478 சாக்கெட் பிராசஸர் பெரும்பாலும் 32 பிட்தான். இன்றைய உபுண்டு ஏறாது. டெபியனும் 13ஆம் பதிப்போடு 32 பிட் இன்ஸ்டாலரை நிறுத்திவிட்டது. டெபியன் 12 அல்லது ஆன்டிஎக்ஸின் 32 பிட் பதிப்பு ஏறும். அதில் பிராசஸருக்கு முழு வேலை கொடுக்கும் ஸ்ட்ரெஸ்-என்ஜி மென்பொருளை ஓட்டினால் கணிதத் துறையின் 'கடினமான கணக்கு' வகுப்பிலேயே தயார்.

கழற்றுவதும் போடுவதும்

முதல் வேலை செல்போனில் படம் எடுப்பது. போர்டில் அச்சிட்ட அரைவட்ட நிழல் பெரும்பாலும் நெகட்டிவைக் குறிக்கும். எல்லா நிறுவனமும் அந்த வழக்கத்தைப் பின்பற்றுவதில்லை. கழற்றிய பின் யோசித்தால் தாமதம். எலக்ட்ரோலைட்டிக்கில் பட்டை நெகட்டிவ், டான்டலத்தில் பட்டை பாசிட்டிவ் என்பதையும் இந்த இடத்தில் சொல்லிவிடலாம்.

மதர்போர்டின் உள் அடுக்கில் கிரவுண்ட் தகடு முழுதாக ஓடுகிறது. அது சூட்டை உறிஞ்சிவிடும். 25 வாட் அயர்ன் நெகட்டிவ் காலில் ஈயத்தைப் பிசுபிசுப்பாக்குமே தவிர உருக்காது. மாணவர் அழுத்தி இழுப்பார், பேடு (காலை சோல்டர் செய்யும் செம்பு வட்டம்) கையோடு வரும். வெப்பநிலை அமைக்கும் 60 வாட் ஸ்டேஷன், அகலமான உளி முனை, 380 டிகிரி. முதலில் இரண்டு காலிலும் புதிய 63/37 சோல்டர் ஈயத்தை (63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு காரீயம்) கொஞ்சம் சேர்க்க வேண்டும். பழைய ஈயத்தை உருக்க இன்னும் ஈயமா என்று கேட்பார்கள். புதிய ஈயமும் அதிலுள்ள ஃப்ளக்ஸும்தான் சூட்டை உள்ளே கொண்டுபோகின்றன. பிறகு ஒரு காலைச் சூடாக்கி கெபாசிட்டரை எதிர்ப்பக்கம் லேசாகச் சாய்க்க வேண்டும், அடுத்த காலைச் சூடாக்கி இந்தப்பக்கம். பால் பல்லை ஆட்டிப் பிடுங்குவது மாதிரி நாலைந்து ஆட்டத்தில் வந்துவிடும்.

ஓட்டையை அடைத்த ஈயத்தை எடுக்க சக்கர் பம்ப் போதாவிட்டால், ஒரு பக்கம் அயர்னை வைத்து மறுபக்கம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஊசியை நுழைக்கலாம். அதில் ஈயம் ஒட்டாது. டிரில் மட்டும் கூடாது. ஓட்டையின் உட்சுவரில் உள்ள செம்பு உறைதான் உள் அடுக்குகளை இணைக்கிறது; டிரில் அதைச் சுரண்டி எடுத்துவிட்டால் வெளியே அழகாக சோல்டர் செய்தும் உள்ளே இணைப்பு இருக்காது. காரணம் தெரியாமல் செத்துப்போகும் 'ரிப்பேர் செய்த' போர்டுகளில் இந்தக் கதை நிறைய. கசிவு இருந்த இடத்தை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் பல் பிரஷும் கொண்டு தேய்த்துக் காயவிட வேண்டும்.

மாற்றுக் கெபாசிட்டர் வாங்கும்போது மைக்ரோஃபாரட் ஒன்றாக, வோல்ட் ஒன்றாகவோ ஒரு படி கூடவோ, விட்டம் ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது. 8 மில்லிமீட்டர் விட்டத்துக்குக் கால் இடைவெளி 3.5, 10க்கு 5 மில்லிமீட்டர் என்பதெல்லாம் எளிது. வரிசை எண்ணைப் பார்த்து டேட்டாஷீட்டில் இ.எஸ்.ஆர். அல்லது இம்பீடன்ஸ் (ஏசிக்குக் காட்டும் மொத்தத் தடை) கட்டத்தையும் ரிப்பிள் கரண்ட் (தாங்கக்கூடிய ஏற்ற இறக்கக் கரண்ட்) கட்டத்தையும் ஒப்பிடுவதுதான் பாடம். சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் '3300 மைக்ரோ 10 வோல்ட்' என்று மட்டும் கேட்டால் சாதாரண 85 டிகிரி கெபாசிட்டரைக் கொடுப்பார்கள். அவர் மேல் தப்பில்லை, கேட்டது அதுதான். அதன் உள் மின்தடை பல மடங்கு. போர்டு அன்றைக்கு ஓடும். கெபாசிட்டர் சூடேறி சில வாரத்தில் மறுபடியும் உப்பும். பெரிய பிளாஸ்டிக் உறைக்குள் சின்ன கெபாசிட்டரைச் செருகி விற்கும் போலியும் உண்டு, எடை போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

உப்பியதை மட்டும் மாற்றிவிட்டு, பக்கத்தில் தட்டையாக நிற்கும் அதே வரிசையை விட்டுவிடுவதுதான் இந்தப் பாடத்தில் அதிகம் நடக்கும் தவறு. ஒரே வரிசை, ஒரே தேதிக் குறி என்றால் மொத்தத்தையும் மாற்ற வேண்டும். கழற்றிய தட்டைக் கெபாசிட்டரை மாணவரே அளந்து பார்த்தால் இதைச் சொல்லித்தர வேண்டிய அவசியமே இருக்காது.

மின்சாரம் கொடுக்கும் முன்

பழுது நீக்கிய போர்டைப் பழைய எஸ்.எம்.பி.எஸ்.ஸிலேயே மாட்டுவது இன்னொரு ஆபத்து. அதுவும் அதே காலத்துக் கெபாசிட்டர்களோடு வயதானது. பழைய மலிவான சப்ளைகள் சிலவற்றில் ஸ்டாண்ட்-பை பகுதியில் உள்ள ஒரு சின்ன கெபாசிட்டர் வறண்டால், எப்போதும் இருக்கும் 5 வோல்ட் எகிறி மதர்போர்டையே எரித்துவிடும். ஊதா வயரில் 4.75லிருந்து 5.25க்குள் இருக்கிறதா என்று முதலில் அளந்த பிறகே போர்டை இணைக்க வேண்டும். சப்ளையைத் திறப்பது இந்தப் பாடத்தில் வேண்டாம். 230 வோல்ட்டை நேர்திசையாக்கினால் சுமார் 325 வோல்ட்; பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது முதல்நிலைக் கெபாசிட்டர்களில் தங்கியிருக்கும்.

டெல் போர்டின் பின்புறம் ஏ, பி, சி, டி என்று நாலு விளக்குகள் உண்டு. எது பச்சை, எது மஞ்சள், எது அணைந்திருக்கிறது என்பதை டெல்லின் இலவச சர்வீஸ் மேனுவலோடு ஒப்பிட்டுக் குறிக்கச் சொல்லலாம். விளக்கு காட்டுவது கணினி எந்தக் கட்டத்தில் நின்றது என்பதை மட்டுமே. 'மெமரி' என்று காட்டியதால் ரேமை மாற்றி மாற்றிப் போட்டு ஒரு பீரியடைத் தொலைத்த பிறகு, அந்த வேறுபாடு மறக்காது.

நெட்வொர்க்கிங் ஆசிரியருக்கும் இதில் பங்கு உண்டு. சிறிய டெஸ்க்டாப் சுவிட்ச், ரூட்டர், அவற்றின் அடாப்டர் எல்லாவற்றிலும் இதே கெபாசிட்டர்தான். போர்ட் லிங்க் விழுந்து விழுந்து எழுந்தால் எல்லோரும் கேபிளையும் கனெக்டரையும் மாற்றுவார்கள். அடாப்டரைச் சும்மா அளந்தால் 12 வோல்ட் அழகாக இருக்கும். சுவிட்சை ஓடவிட்டு, போர்ட்டுகளை ஒவ்வொன்றாக இணைத்துக்கொண்டே அளந்தால் சரிவது தெரியும். லோடு கொடுத்தால்தான் பழுது பேசும் என்ற அதே பாடம்.

நேரமும் பதிவும்

மூன்று மணி நேரம் வீதம் நாலு வகுப்பு போதும்: பார்ப்பதும் அளப்பதும் ஒன்று, கணக்கும் சிமுலேஷனும் ஒன்று, கழற்றிப் போடுவது ஒன்று, சோதனை ஒன்று. சோல்டரிங் வகுப்பில் இரண்டு பேருக்கு ஒரு ஸ்டேஷன் இருக்க வேண்டும், ஜன்னல் திறந்திருக்க வேண்டும், முடித்ததும் டீ குடிக்கும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். அந்தக் காலத்து (2003-05) போர்டுகளில் உள்ளது ஈயம் கலந்த சோல்டர்.

ஒவ்வொரு போர்டுக்கும் எண் போட்டு ஒரு அட்டை: எந்த இடத்துக் கெபாசிட்டர், வரிசை எண், கழற்றிய பின் மைக்ரோஃபாரட், இ.எஸ்.ஆர்., போட்டதன் வரிசை எண், மெம்டெஸ்ட் எத்தனை சுற்று ஓடியது. ஒரு முழுச் சுற்று பிழையில்லாமல் முடிந்து, ஸ்ட்ரெஸ்-என்ஜி இரண்டு மணி நேரம் விழாமல் ஓடினால்தான் 'முடிந்தது' என்று எழுதலாம். பயாஸ் திரை வந்ததும் கையெழுத்துப் போடக் கூடாது.

கழற்றிய கெபாசிட்டர்களைக் குப்பையில் கொட்ட வேண்டாம். இ.எஸ்.ஆர். எழுதி ஒட்டி ஒரு டப்பாவில் போட்டு வைத்தால், போர்டு கிடைக்காத வருடத்திலும் அளக்கும் பாடம் நடக்கும். தேறாத போர்டுகளைப் பதிவு பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் ஒப்படைத்து ரசீது வாங்கி வைக்க வேண்டும். இரண்டு போர்டை மட்டும் யாரையும் தொடவிடாமல், உப்பிய கெபாசிட்டரோடு அப்படியே பீரோவில் பூட்டி வையுங்கள், அடுத்த பேட்ச் வரும்.